இளநீரும் வழுக்கையும்: மண்ணீரலில் ஒரு ஹைடாட்டிட் கட்டி

ஊசித் தட்டு தயாராக இருந்தது. 18 கேஜ் ஊசி, மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின், நீரைப் பிடிக்க மூன்று குப்பி, மேலே மூடிய பச்சைத் துணி. பரிந்துரைச் சீட்டில் இரண்டே வரி: "மண்ணீரலில் சிம்பிள் சிஸ்ட், 11 செ.மீ. ஸ்கேன் பார்த்து நீர் எடுத்து அனுப்பவும்." கூடவே வெளியில் எடுத்த சி.டி. படமும் அறிக்கையும் இருந்தன. அறிக்கையும் ஏறக்குறைய அதையே, சாதாரண நீர்க்கட்டி என்றே சொன்னது.

ஊசி போடும் முன் நானே ஒருமுறை புரோபை, அதாவது அல்ட்ராசவுண்டின் கைக்கருவியை, வைத்துப் பார்த்துவிடுவது பழைய பழக்கம். எந்த விலா இடுக்கில் குத்தினால் நுரையீரலில் படாது, எவ்வளவு ஆழம் போக வேண்டும் என்று பார்க்கத்தான். நோயை மறுபடி கண்டுபிடிக்க அல்ல. அன்றைக்கு அந்தப் பழக்கம் உதவியது. தட்டு பிரிக்கப்படாமலேயே திரும்பிப் போனது.

ஸ்கேன் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஹைடாட்டிட் என்பது நாயின் குடலில் வாழும் ஒரு நாடாப்புழுவின் இளம்பருவம் ஆட்டின் உடலிலோ மனித உடலிலோ வளர்க்கும் நீர்க்கட்டி. நோயாளியின் ஒப்புதல் வாங்கியாயிற்று. அவரை அடையாளம் காட்டக்கூடியவற்றை விட்டுவிட்டேன்.

வந்தவர்

41 வயதுப் பெண், ராமநாதபுரம் மாவட்டம். நோயாளி அட்டையில் தொழில் என்ற இடத்தில் 'கூலி' என்று போட்டிருந்தது. எட்டு மாதமாக இடப்பக்க விலாவுக்குக் கீழே பாரம். "ரெண்டு வாய் சாப்ட்டதும் வயிறு நெறஞ்ச மாதிரி ஆயிருது டாக்டரம்மா, அதுக்கு மேல எறங்க மாட்டேங்குது" என்றார். இடது தோளில் அவ்வப்போது ஓர் இழுப்பு. உதரவிதானத்தைக் கீழிருந்து ஏதாவது அழுத்தினால் வலி தோளில் தெரியும் என்பது படித்ததுதான். ஆனால் நோயாளிகள் இந்தத் தோள் வலியைத் தாமாகச் சொல்வதில்லை, நாம்தான் கேட்க வேண்டும். காய்ச்சல் இல்லை. எடை குறையவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் வரப்பில் சறுக்கி இடப்பக்கமாக விழுந்திருக்கிறார், பத்து நாள் விலா வலித்திருக்கிறது. இந்த விழுந்த கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரையும் வழிதவறச் செய்தது அதுதான்.

மண்ணீரல் என்றால் எது என்று கேட்டார். கறிக்கடையில் சுவரொட்டி என்பார்களே, அதேதான் என்றேன். சட்டென்று புரிந்துகொண்டு, "அதுலயா?" என்று விலாவைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

தொட்டுப் பார்த்தால் விலா விளிம்புக்குக் கீழே நான்கு விரற்கடைக்கு வழுவழுப்பான வீக்கம். அழுத்தினால் வலி இல்லை. மூச்சை இழுத்தால் கீழே இறங்கியது. ஹீமோகுளோபின் 10.2, தட்டணுக்கள் சரியான அளவு, ஈசினோஃபில் என்ற வெள்ளணு 5 சதவீதம், ஈரல் பரிசோதனைகள் சரி. மார்பு எக்ஸ்ரேயில் இடது உதரவிதானம் சற்று மேலேறியிருந்தது, நுரையீரல்கள் சுத்தம்.

முதல் இரண்டு படங்கள்

உள்ளூரில் எடுத்த முதல் அல்ட்ராசவுண்டில் "இடது மேல் வயிற்றில் பெரிய நீர்க்கட்டி, எந்த உறுப்பிலிருந்து என்று தெளிவில்லை" என்று எழுதி சி.டி.க்கு அனுப்பியிருந்தார்கள். அது நேர்மையான அறிக்கை. இவ்வளவு பெரிய கட்டி மண்ணீரலையும் கணையத்தின் வாலையும் இடது சிறுநீரகத்தையும் ஒருசேரத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, வீடு யாருடையது என்று சொல்வது சிரமம்.

அந்தக் கேள்விக்கு சி.டி. நன்றாகவே பதில் சொன்னது. கட்டியின் இரண்டு ஓரத்திலும் மண்ணீரல் திசு மெலிந்து, நண்டுக் கொடுக்கு கவ்வுவது போல அதைப் பிடித்திருந்தது. இந்தக் கவ்வல் இருந்தால் கட்டி அந்த உறுப்பிலிருந்தே வளர்ந்தது. வெளியிலிருந்து அழுத்தும் கட்டியாக இருந்தால் உறுப்பின் விளிம்பு குழியும், கவ்வாது. அளவு 11.2 × 9.4 × 9.8 செ.மீ. உள்ளே அடர்த்தி, சி.டி.யின் கணக்கில், 9 ஹவுன்ஸ்ஃபீல்டு அலகு, அதாவது தண்ணீர். சுவர் மெல்லியது. சுண்ணாம்பு படியவில்லை. கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்திய பிறகும் உள்ளே எதுவும் நிறம் ஏறவில்லை. குட்டிக் கட்டிகள் இல்லை. ஈரலிலும் ஒன்றும் இல்லை. இந்தப் படத்தோடு 'விழுந்தார்' என்ற வரலாறும் சேர்ந்ததும், அடிபட்ட ரத்தக்கட்டு கரைந்து உண்டான பொய்க்கட்டி என்று அறிக்கை முடிந்துவிட்டது.

எழுதியவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது நானும் தலையாட்டிவிட்டுத்தான் ஊசித் தட்டை எடுத்து வைக்கச் சொன்னேன். ஆனால் 'சிம்பிள் சிஸ்ட்' என்ற சொல்லோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. ஈரலிலும் சிறுநீரகத்திலும் அந்தச் சொல்லுக்குப் பொருள் இருக்கிறது. வயதானவர்களில் அங்கே சாதாரண நீர்க்கட்டி சர்வசாதாரணம். மண்ணீரலில் அப்படி இல்லை. இங்கே நீர்க்கட்டி வருவதே அபூர்வம், வந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். உலகக் கணக்கில் அந்தக் காரணங்களில் முன்வரிசையில் நிற்பது ஒட்டுண்ணி. ஈரலில் பழகிய சொல்லை மண்ணீரலுக்கு எடுத்துவந்து ஒட்டினால், தேட வேண்டியதைத் தேடாமலே கோப்பு மூடிவிடும்.

திரும்பிப் படுத்தபோது

இடப்பக்கம் ஒன்பதாவது, பத்தாவது விலாக்களுக்கு நடுவே வளைந்த புரோபை வைத்தேன். முதல் பார்வைக்குக் கறுப்புக் குளம். பின்சுவருக்கு அப்பால் வெளிச்சம் கூடியிருந்தது. நீர் என்பதற்கு அது சாட்சி. டாப்ளரில் உள்ளே ரத்த ஓட்டம் இல்லை. குளத்தின் மேல்பரப்பில் மட்டும் மங்கலான சாம்பல் திரை. அது பெரும்பாலும் பொய்த்திரை. ஒலி புரோபுக்கும் வயிற்றுச் சுவருக்கும் இடையே முட்டி முட்டித் திரும்புவதால் வருவது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டும் கெயினைக் குறைத்து, பொய் எதிரொலிகளை வடிகட்டும் ஹார்மானிக் பொத்தானைப் போட்டேன். திரை விலகியது. ஆனால் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோட்டுக்குப் பதில் இரண்டு கோடுகள் தெரிந்தன.

விலாவுக்குக் கீழே கட்டி தோலுக்குப் பக்கத்தில் வரும் இடத்துக்குப் போய், தைராய்டு பார்க்கும் நேரான புரோபை எடுத்து வைத்தேன். அதிர்வெண் கூடக்கூட ஆழம் குறையும், நுணுக்கம் கூடும். இப்போது சந்தேகமே இல்லை. வெளியே ஒரு வெள்ளைக் கோடு, நடுவே முடியிழை போல் ஒரு கறுப்பு இடைவெளி, உள்ளே இன்னொரு வெள்ளைக் கோடு. சாதாரண நீர்க்கட்டிக்கும், அடிபட்டு வந்த பொய்க்கட்டிக்கும் இந்த இரட்டைக் கோடு கிடையாது.

"வலப்பக்கமா திரும்பிப் படுங்கம்மா" என்றேன். திரும்பினார். கட்டியின் அடியில் படிந்திருந்தவை எழுந்து, பொடிப்பொடியான வெள்ளைப் புள்ளிகளாகச் சுழன்று, மெதுவாகப் புதிய அடிப்பக்கத்தில் இறங்கின. புத்தகங்களில் இதைப் பனிப்பொழிவு என்று எழுதியிருப்பார்கள். பனி பெய்து பார்த்திராத எனக்கு, நீராகாரச் செம்பை அசைத்தால் அடியிலிருந்து எழும் சோற்றுத் தூள்தான் நினைவுக்கு வரும். புள்ளிகள் அடங்கியபோது இன்னொன்றும் தெரிந்தது. கீழ்ப்பக்கத்தில் அந்த உள்கோடு சுவரை விட்டு ஒரு மூன்று செ.மீ. நீளத்துக்குப் பிரிந்து, அவர் மூச்சு விடும்போதெல்லாம் கொடியில் காயும் முந்தானை போல நெளிந்துகொண்டிருந்தது.

உதவியாளரிடம் தட்டை எடுத்துப் போகச் சொன்னேன்.

இந்த அமைப்பை விளக்க இளநீரைவிட நல்ல உவமை எனக்குக் கிடைத்ததில்லை. வெளிமட்டை நோயாளியின் உடல் கட்டும் நார்ச்சுவர். புழுவுக்கும் அதற்கும் உறவில்லை, உடல் தன்னைக் காத்துக்கொள்ள எழுப்பிய வேலி. அதற்குள் வழுக்கை: வெண்மையான, வழுவழுப்பான, அடுக்கடுக்கான தோல். அது புழுவின் சொத்து. வழுக்கையின் உள்முகத்தில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய உயிர்ப்படலம் ஒன்று உண்டு. புழுவின் இளம் தலைகளை முளைக்கவைப்பது அதுதான். நடுவில் தெளிந்த நீர். திரையில் தெரிந்த இரட்டைக் கோடு மட்டையும் வழுக்கையும். உள்ளே அழுத்தம் குறைந்தால் வழுக்கை மட்டையை விட்டுப் பிரிந்து நீரில் தொங்கும். அவர் திரும்பிப் படுத்தபோது நான் பார்த்தது அதைத்தான். எழுந்து விழுந்த புள்ளிகள், உதிர்ந்த புழுத் தலைகளும் அவற்றைச் சுமந்த நுண்பைகளும் சேர்ந்த 'ஹைடாட்டிட் மணல்'.

"வீட்ல நாய் வளக்குறீங்களா?" என்று கேட்டேன்.

"கெடை நாய் நாலு இருக்கு டாக்டரம்மா."

அட்டையில் இருந்த 'கூலி' என்ற சொல் எவ்வளவை மறைத்துவிட்டது பாருங்கள். அவர்கள் கீதாரிக் குடும்பம். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்திலிருந்து நூற்றுக்கணக்கான செம்மறிகளை ஓட்டிக்கொண்டு, அறுவடை முடிந்த தஞ்சை, திருவாரூர் வயல்களுக்குப் போய்க் கிடை போடுவார்கள். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம். வயல்காரர் அதற்குப் பணமோ நெல்லோ கொடுப்பார். குட்டிகளைக் கொடாப்பு என்ற கூடையால் கவிழ்த்து மூடிவிட்டு, ஆடுகளுக்கு நடுவிலேயே தூக்கம், சமையல் எல்லாம். நரிக்கும் திருடனுக்கும் காவல் நாய்தான்.

"ஆடு செத்துப் போனா என்ன பண்ணுவீங்க?"

"தின்கிற மாதிரி இருந்தா அறுத்துருவோம். ஈரல்ல சிலதுல தண்ணிக் கொப்புளமா இருக்கும். அதை மட்டும் அறுத்து நாய்க்குப் போட்ருவோம்."

மூன்று படங்களும் ஒரு மேசை நிறைய ரத்தப் பரிசோதனைகளும் சொல்லாததை அந்த ஒரு வரி சொன்னது.

சி.டி. ஏன் தவறவிட்டது

அன்று மாலை அந்த சி.டி.யை மறுபடி திறந்தேன். வயிற்றுக்கு வழக்கமாக வைக்கும் 400 அகல சன்னலில், அதாவது கறுப்பு முதல் வெள்ளை வரை காட்டும் அடர்த்தி வீச்சில், கட்டி முழுக்க ஒரே சாம்பல். அகலத்தை 120-க்குக் குறைத்து, 5 மி.மீ. துண்டுகளை விட்டுவிட்டு 1 மி.மீ. துண்டுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்ததில், நான்கைந்து துண்டுகளில் மட்டும் கீழ்ச்சுவரை ஒட்டி மங்கலாக ஒரு வளைந்த இழை. இருக்கிறது என்று தெரிந்து தேடினால் தெரியும். தெரியாமல் தேடினால் தெரியாது.

இது இயந்திரத்தின் குறையோ, படித்தவரின் குறையோ மட்டும் அல்ல. சி.டி. காட்டுவது அடர்த்தி வித்தியாசத்தை. அந்தத் தோலோ மெல்லியது, அடர்த்தியிலும் பக்கத்து நீரை விட்டு வெகுதூரம் போவதில்லை. தடித்த துண்டில் இரண்டும் கலந்து சராசரியாகிவிடும். அல்ட்ராசவுண்ட் காட்டுவது பரப்புகளை. எவ்வளவு மெல்லிய தோலாக இருந்தாலும், ஒலி அதில் நேராகப் பட்டுத் திரும்பினால் பளிச்சென்று கோடு விழும். மேலும் அது அசைவைக் காட்டும். சி.டி.யில் நோயாளி அசையாமல் படுத்திருப்பார்; நீராகாரச் செம்பை அசைக்காமல் பார்த்தால் மேலே தெளிந்த தண்ணீர்தான். எங்கள் துறையில் ஒரு படிநிலைப் பழக்கம் இருக்கிறது: விலை கூடிய படம் வந்துவிட்டால் விலை குறைந்த படத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்த நோயில் அந்தப் படிநிலை தலைகீழ். சி.டி.யின் பலம் வேறு: சுண்ணாம்புப் படிவு, எலும்பு, நுரையீரல், கட்டி உடைந்து எங்கே கசிந்திருக்கிறது என்பது, அறுவை செய்பவருக்கு வேண்டிய வரைபடம்.

அறுவை மருத்துவர் எம்.ஆர்.ஐ. கேட்டார். எனக்கு அது அவசியம் என்று தோன்றவில்லை, ஆனால் எடுத்ததும் நல்லதாயிற்று. நீரை வெள்ளையாகக் காட்டும் டி2 வகைப் படத்தில் நீர் வெள்ளை வெளேரென்று இருக்க, கட்டியைச் சுற்றிக் கறுப்பு வளையம், அது நார்ச்சுவர். உள்ளே கீழ்ப்பக்கம் கறுத்த, நெளிந்த கோடு. அது பிரிந்த தோல். அல்ட்ராசவுண்டில் நான் பார்த்ததை, என் கையையும் கண்ணையும் நம்பத் தேவையில்லாமல் யாரும் பார்க்கும்படி வைத்தது எம்.ஆர்.ஐ. உடல் பருத்தவர்களிலும், குடல் வாயு மறைக்கும்போதும், மண்ணீரல் விலாவுக்குள் ஒளிந்துகொள்ளும்போதும் சி.டி.யைவிட இதையே நான் நாடுவேன்.

புழுவுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் எலைசா ரத்தப் பரிசோதனை நெகட்டிவ். இளைய மருத்துவர் ஒருவர் உடனே, "அப்போ ஹைடாட்டிட் இல்லையா மேடம்?" என்றார். கட்டி உடையாமல், கசியாமல் இருக்கும்வரை புழுவின் புரதங்கள் உடலுக்குத் தெரியவராது. எதிர்ப்பொருள் உருவாக வாய்ப்பு குறைவு. ஈரலுக்கு வெளியே இருக்கும் கட்டிகளில் நெகட்டிவ் வருவது இன்னும் அதிகம். பாசிட்டிவ் வந்தாலும் மூளையைத் தாக்கும் பன்றி நாடாப்புழுவின் நோய் போன்றவை குழப்பலாம். புழு இருந்தால் கூடும் என்று நாம் எதிர்பார்க்கும் ஈசினோஃபிலும் இப்படித்தான், உடையாத கட்டியில் பெரும்பாலும் உயராது. ஆகவே இங்கே படம்தான் நீதிபதி, ரத்தம் வெறும் சாட்சி. தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் பழைய கசோனி சோதனையை வயதான பேராசிரியர்கள் இன்னும் கேட்பார்கள்; அது வழக்கொழிந்து வெகுகாலமாயிற்று.

வேறு என்னவாக இருந்திருக்கலாம்

பொய்க்கட்டியைத்தான் முதலில் விலக்க வேண்டியிருந்தது. விழுந்தது உண்மை. பழைய ரத்தத்தின் துகள்களும் நீரில் மிதக்கும், படுக்கையை மாற்றினால் அவையும் நகரும். பிறவியிலேயே வரும் எபிடெர்மாய்டு கட்டியில் கொழுப்புப் படிகங்கள் இதே போல மின்னும். ஆகவே துகள் விழுவதை மட்டும் பார்த்துவிட்டு ஹைடாட்டிட் என்று எழுதிவிடாதீர்கள். நானே முன்பு ஒரு கல்லூரி மாணவனின் எபிடெர்மாய்டு கட்டியை அப்படி எழுதி, அறுவைக்குப் பிறகு நோய்க்கூறியல் அறிக்கை வந்தபோது அசடு வழிந்திருக்கிறேன். அந்த இரண்டு கட்டிகளிலும் இல்லாதது சுவரிலிருந்து தனியாக உரியும் இன்னொரு தோல். இந்தப் பெண்ணிடம் அது இருந்தது.

மற்றவை எளிதில் விலகின. சீழ்க்கட்டி என்றால் காய்ச்சல் இருந்திருக்கும், சுவர் தடித்து நிறம் ஏறியிருக்கும். கணையத்திலிருந்து நுழைந்த பொய்க்கட்டிக்குக் கணைய அழற்சியின் வரலாறு வேண்டும். நிணநீர்க் கட்டி பெரும்பாலும் மண்ணீரலின் உறையை ஒட்டிப் பல சிறு அறைகளாக இருக்கும். சூலகப் புற்று போன்றவை மண்ணீரலில் நீர்க்கட்டியாகப் பரவுவது உண்டு என்பதால் இடுப்புப் பகுதியையும் பார்த்தேன், சுத்தம்.

சுவரொட்டிக்கு எப்படிப் போனது

"ஆட்டுக்கறி தின்னதால வந்துச்சா?" என்று அவர் கேட்டார். இந்தப் பயம் ஊரில் எல்லோருக்கும் இருக்கிறது. இல்லை. எகைனோகாக்கஸ் கிரானுலோசஸ் என்ற இந்த நாடாப்புழு நாயின் குடலில் வாழ்வது. முழு வளர்ச்சியில் 2 முதல் 7 மி.மீ., எள்ளை ஒட்டிய அளவு. ஒரு நாயில் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் நாய் துள்ளிக்கொண்டுதான் திரியும். முட்டைகள் நாயின் மலத்தோடு புல்லில், மண்ணில், நீரில், நாயின் ரோமத்திலும் சேரும். ஆடு மேயும்போது விழுங்கினால் அதன் ஈரலிலோ நுரையீரலிலோ கட்டி வரும். அந்தக் கட்டியை நாய் தின்றால், கட்டிக்குள் இருந்த ஒவ்வொரு தலையும் ஒரு புழுவாகும். சில வாரங்களில் அந்தப் புழு முட்டையிடத் தொடங்கும். இந்த வட்டத்தில் மனிதனுக்கு வேலையே இல்லை. நாயைத் தடவிய கையோடு சோற்றில் கைவைக்கும்போதோ, கழுவாத கீரையிலோ முட்டையை விழுங்கி வழிதவறிய ஆடாகிவிடுகிறான். கறியில் இருக்கும் கட்டியைத் தின்றால் மனிதனுக்கு இந்த நோய் வராது, நாய்க்குத்தான் வரும்.

விழுங்கிய முட்டை குடலில் பொரிந்து, ஆறு கொக்கிகள் கொண்ட கரு குடல்சுவரைத் துளைத்து, ரத்தத்தில் ஏறி நேராக ஈரலுக்குப் போகும். பத்தில் ஏழு அங்கேயே சிக்கிக்கொள்ளும். தப்பியவற்றில் பெரும்பங்கு நுரையீரலில். இரண்டு சல்லடையையும் தாண்டியவைதான் தமனி வழியாக மண்ணீரல், சிறுநீரகம், எலும்பு, மூளை என்று போகும். மண்ணீரலுக்கு வருவது பெரும்பாலான கணக்குகளில் 8 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. ஈரலில் கட்டி இல்லாமல் மண்ணீரலில் மட்டும் என்பது அதிலும் குறைவு. 'ஈரல் சுத்தம், ஆகவே ஹைடாட்டிட் இல்லை' என்ற தர்க்கம் அதனால்தான் கவர்ச்சியாக இருக்கிறது, தவறாகவும் இருக்கிறது.

பெயரிட்டபின்

ஹைடாட்டிட் என்று எழுதினால் மட்டும் போதாது, எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்றும் எழுத வேண்டும். 1981-இல் துனிசியாவின் கர்பியும் உடன் பணியாற்றியவர்களும் அல்ட்ராசவுண்ட் தோற்றத்தை வைத்து ஐந்து வகையாகப் பிரித்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் பணிக்குழு 2003-இல் வெளியிட்ட பகுப்பு அதை உயிர்ப்போடு இணைத்தது. இதில் சி.இ. என்பது எகைனோகாக்கஸ் நீர்க்கட்டி நோயின் ஆங்கிலச் சுருக்கம். சி.இ.1 இரட்டைக் கோடுள்ள ஒற்றை அறை, சி.இ.2 தேன்கூடு போலக் குட்டிக் கட்டிகள், இரண்டும் உயிர்ப்புள்ளவை. சி.இ.3 இடைநிலை. சி.இ.4 நூல்கண்டு போலச் சுருண்ட திடப்பொருள், சி.இ.5 சுண்ணாம்பு கட்டியது, இவை அடங்கிப்போனவை. நம் நோயாளிக்குத் தோல் பிரிந்திருந்ததால் சி.இ.3ஏ. வழுக்கை பிரிந்துவிட்டது என்பதால் புழு செத்துவிட்டது என்று பொருள் இல்லை. இந்தப் பகுப்பு ஈரலுக்காக உருவானது. மண்ணீரலுக்கு எடுத்துக்கொள்ளும்போது அதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஊசியைப் பற்றியும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஹைடாட்டிட் கட்டியைக் குத்தினால், கசியும் நீரால் எல்லோரும் கடும் ஒவ்வாமையில் போய்விடுவார்கள் என்பது மிகை. ஈரல் கட்டிகளில் நீரை உறிஞ்சி, புழுக்கொல்லி திரவம் செலுத்தி, மறுபடி உறிஞ்சும் முறை 1980களிலிருந்து இருக்கிறது. ஆனால் அங்கே முன்பே அல்பெண்டசோல் என்ற புழு மருந்தைக் கொடுத்திருப்பார்கள், ஊசி ஈரல் திசு வழியாகப் போகும், ஒவ்வாமைக்கான மருந்தும் ஆளும் பக்கத்தில் நிற்கும். எங்கள் தட்டில் ஒவ்வாமைக்கு உடனே போடும் அட்ரினலின் இல்லை. கட்டியோ மண்ணீரலின் மேற்பரப்பில் வயிற்று உறையை ஒட்டி இருந்தது. கசிந்த நீரில் உள்ள ஒவ்வொரு தலையும் வயிற்றுக்குள் தனித்தனிக் கட்டியாக வளரும் சக்தி உள்ளது. மண்ணீரல் ரத்தம் நிறைந்த பஞ்சு என்பது வேறு. 'சிம்பிள் சிஸ்ட்' என்று நம்பிக் குத்துவதுதான் ஆபத்து.

அல்பெண்டசோல் 400 மி.கி. தினம் இரண்டு வேளை தொடங்கினார்கள். கொழுப்புள்ள சாப்பாட்டோடு விழுங்கினால்தான் மருந்து நன்றாக உடலில் ஏறும். மண்ணீரலை எடுக்க நேரலாம், அது இல்லாவிட்டால் சில கிருமிகளை உடல் எதிர்ப்பது கடினம் என்பதால், நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிப் ஆகிய கிருமிகளுக்கான தடுப்பூசிகளை அறுவைக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருக்கும்போதே போட்டார்கள். மண்ணீரலில் ஒரு பகுதியையாவது காப்பாற்ற முடியுமா என்று அறுவை மருத்துவர் என்னிடம் பலமுறை கேட்டார். படத்தை வைத்து நான் சொல்ல முடிந்தது இதுதான்: கட்டி மேல்முனையிலிருந்து ரத்தக்குழாய்கள் நுழையும் வாயில்வரை இறங்கியிருக்கிறது, குழாய்கள் அதன் மேல் இழுபட்டு விரிந்திருக்கின்றன, கீழே மிஞ்சியிருக்கும் திசு 2 செ.மீ. தடிமன்கூட இல்லை. கட்டி ஒரு முனையில் ஒதுங்கியிருந்தால் பேச்சே வேறு.

நான்கு வாரம் கழித்து அறுவை. சுற்றிலும் 20 சதவீத உப்புநீரில் நனைத்த துணிகளை அடுக்கி, மண்ணீரல் தமனியை முதலில் கட்டி, கட்டியைத் திறக்காமல் மண்ணீரலோடு முழுசாக எடுத்தார்கள். உதரவிதானத்தோடு ஒட்டியிருந்த இடத்தைப் பிரிக்க மட்டும் நேரம் பிடித்தது. நோய்க்கூறியல் மேசையில் வெட்டியபோது நானும் போயிருந்தேன். அரை லிட்டருக்குக் கிட்டத்தட்டத் தெளிந்த நீர். உள்ளே சரிந்து மடிந்து கிடந்தது அந்த வழுக்கை. நுண்ணோக்கியில் அடுக்கடுக்கான செல்லில்லாத சவ்வும், கொக்கிகளோடு புழுத் தலைகளும் தெரிந்தன. ஏழாம் நாள் வீட்டுக்குப் போனார். அல்பெண்டசோல் இன்னும் ஒரு மாதம். காய்ச்சல் என்று வந்தால் ஊர்க் கஷாயத்தில் ஒருநாளும் கடத்தாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று தமிழில் எழுதிய அட்டை ஒன்றைக் கையில் கொடுத்தோம். மண்ணீரல் இல்லாதவருக்குக் காய்ச்சல் சாதாரண விஷயம் இல்லை.

ஆறாம் மாத ஸ்கேனில் இடம் சுத்தமாக இருந்தது. ஒரு வருட ஸ்கேனும் அப்படியே. இன்னும் பல வருடம் வந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்தப் புழுவுக்கு அவசரமே கிடையாது.

குடும்பத்தையும் பார்த்தோம். மகளுக்கும் மகனுக்கும் எதுவும் தெரியவில்லை. சிறு கட்டி இன்னும் கண்ணுக்குப் படாமல் இருக்கலாம் என்பதால் அடுத்த வருடமும் பார்ப்போம். கணவரின் ஈரலில் 3.5 செ.மீ. அளவில் முழுக்கச் சுண்ணாம்பு கட்டிய ஒன்று, சி.இ.5. "எனக்கும் அறுக்கணுமா டாக்டரம்மா?" என்றார். செத்த கட்டி அண்ணே, அப்படியே கிடக்கட்டும், வருஷம் ஒருக்கா வந்து காட்டுங்க என்றேன். மாசியில் கிடை தஞ்சாவூர்ப் பக்கம் கிளம்பிவிடும் என்பதால் தையிலேயே தேதி கொடுத்திருக்கிறேன். கால்நடை மருந்தகத்தில் நாய்களுக்கு நாடாப்புழுவைக் கொல்லும் பிராசிகுவாண்டல் மாத்திரை வாங்கி, கறித்துண்டுக்குள் வைத்துக் கொடுத்தார்களாம். மூன்று விழுங்கிவிட்டன. நாலாவது மட்டும் கறியைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பிவிட்டது.